வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? செலவு செய்யும் முன்னே கயிறு பிடிச்சுப் பாருங்க!

'என் மோட்டார் சைக்கிள் ஆறு மாதமாக ஒரு பக்கமாகவே இழுக்கிறது. டயர் மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, வாழையில் வாடல் நோய் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே இதுவும் ஒன்று. இதற்கு நான் பதில் எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். நான் மெக்கானிக் இல்லை, வேளாண்மைப் பட்டம் படித்த அலுவலர். ஆனால், வேலையில் சேர்ந்த நாள் முதல் ஐம்பது வயதைத் தாண்டிய இன்றுவரை, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கும் வயல்களுக்கும் இரு சக்கர வண்டியில்தான் போய் வருகிறேன். ஆற்றங்கரைப் பாதை, வாய்க்கால் ஓரம், மழையில் வழுக்கும் கரிசல் தடம் எல்லாவற்றிலும் ஓட்டியாகிவிட்டது. தவிர, அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவதுதானே என் தொழில்!

நம் வீடுகளில் மாட்டு வண்டி செய்த வேலையை இன்று மோட்டார் சைக்கிள் செய்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை அதில்தான் வருகிறது. பால் கேன், புல்லுக்கட்டு, வாழைத்தார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாம் அதில்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44 சதவிகிதத்துக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஆகவே, 'கொஞ்சம் இழுக்குது, பரவாயில்லை' என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

எப்போதிருந்து?

நெல் மஞ்சளாகிவிட்டது என்று ஒருவர் இலையைக் கொண்டுவந்தால், நான் முதலில் மருந்து எழுதுவதில்லை. 'அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளா?' என்று கேட்பேன். அடி இலையில் தொடங்கினால் தழைச்சத்தைச் சந்தேகிப்பேன். குருத்தில் தொடங்கினால் இரும்பையோ கந்தகத்தையோ சந்தேகிப்பேன். அடுத்து, 'எத்தனை நாளாக? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பேன். மஞ்சள் என்பது அறிகுறிதான். நோய் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

வண்டி இழுப்பதும் அப்படித்தான். காற்று குறைவு, தேய்ந்த டயர், கோணலாக மாட்டிய பின் சக்கரம், முறுக்கிய முன் ஃபோர்க், தேய்ந்த கோன் செட், ஒரு பக்கச் சுமை என்று பத்துக் காரணம் இருக்கலாம். பத்தும் கையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கடைக்குப் போகும் முன் நீங்களே நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள்.

ஒன்று, எப்போதிருந்து இழுக்கிறது? பஞ்சர் ஒட்டிய பிறகா, செயின் இறுக்கிய பிறகா, டயர் மாற்றிய பிறகா, கீழே விழுந்த பிறகா?

இரண்டு, சுமை இருக்கும்போது மட்டுமா, வெறும் வண்டியிலுமா?

மூன்று, எப்போதுமா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா?

நான்கு, எல்லாச் சாலையிலுமா, ஒரு சில சாலையில் மட்டுமா?

முதல் கேள்விக்கான பதிலே பாதி வைத்தியம். சீவலப்பேரி பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது நன்றாகப் புரியும்.

கணவருக்கு இழுக்கவில்லை, மனைவிக்கு இழுத்தது

தாமிரபரணியில் சிற்றாறு வந்து சேரும் இடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இந்த ஊர்தான். நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் வரிசை வரிசையாகச் சொல்லும் நூல் அது. அந்தப் பகுதியில் ஒரு பிசான சாகுபடி நேரத்தில், நெல் வெளுத்திருக்கிறது என்று ஒரு சிறு விவசாயி கூப்பிட்டிருந்தார். வயலைப் பார்த்துவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, தொழுவத்தில் நின்ற ஒரு பசுவை வெளியாள் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டு வியாபாரி.

"நல்லாக் கறக்கிற மாட்டை எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரருக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சில மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதனால் அந்த அம்மா கல்லூரி படிக்கும் மகனிடம் கியர் வண்டி பழகி, ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிட்டார். இதற்காகவே இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டு, விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போய் வந்தார். ஒரு மாதம் ஓடியது. பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

"வண்டி வலது பக்கமா இழுக்கு சார். கையை லேசா விட்டா நடுரோட்டுக்குப் போவுது. சொன்னா யாரும் நம்ப மாட்டுக்காங்க" என்றார் அவர்.

"பத்து வருசமா நான் ஓட்டுதேன் சார், எனக்கு எங்க இழுத்துது? இவளுக்குப் பழக்கம் போதாது" என்றார் வீட்டுக்காரர்.

வேலை பார்த்துக் கொடுத்த மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் முன் டயரை மாற்றியிருக்கிறார்கள். கோன் செட்டையும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு, இழுப்பு மட்டும் போகவில்லை. நான் போவதற்கு முந்தின வாரம், எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வந்திருக்கிறது. பதறி இடது பக்கம் ஒடித்ததில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்துவிட்டது. ஒரு கேன் பால் மண்ணில் போனது. முழங்கையில் சிராய்ப்பு. அன்றைக்கே அந்த அம்மா முடிவெடுத்துவிட்டார். இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டு, மீதிப் பாலை வீட்டோடு விற்றுக்கொள்வது என்று.

அந்த வீட்டில் நெல் பணம் அறுவடைக்குத்தான் வரும். மருத்துவச் செலவையும் மகன் படிப்பையும் தாங்கிக்கொண்டிருந்தது பால் பணம். ஆகவே, வண்டி இழுக்கிறதா, அவருக்கு ஓட்டத் தெரியவில்லையா என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

வயலில் கேட்பதையே கேட்டேன். "எப்போதிருந்து இழுக்குது? அதுக்கு முன்னால என்ன மாறுச்சு?"

இரண்டு விஷயம் வெளியே வந்தது. அறுவை சிகிச்சைக்குச் சில மாதம் முன்பு பின் சக்கரத்தில் பஞ்சர் ஒட்டி, செயினையும் இறுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, வீட்டுக்காரர் எப்போதும் 20 லிட்டர் கேன் ஒன்றை இடது பக்கம் தொங்கவிட்டுப் போவார். அந்த அம்மாவுக்கு அது தூக்கச் சிரமம். அதனால் 10 லிட்டர் கேன் இரண்டாக்கி, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டார்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. 20 லிட்டர் பால் என்றால் கேனோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல். அந்தச் சுமை இடது பக்கம் தொங்கினால் வண்டி இடது பக்கம் சாயப் பார்க்கும். நம் சாலைகளின் இடது ஓரமும், மழைநீர் வடிவதற்காக, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போல இடது பக்கம் சரிந்திருக்கும். வண்டியில் வலது பக்க இழுப்பு இருந்திருந்தால், இந்த இரண்டும் சேர்ந்து அதைப் பெரும்பாலும் ஈடுகட்டியிருக்கும். மிச்சத்துக்கு வீட்டுக்காரரின் கை பழகிப்போயிருக்கும். சுமையை அந்த அம்மா சரிசமமாகப் பிரித்ததும், ஒளிந்திருந்த கோளாறு வெளியே வந்துவிட்டது. சரியாகச் சுமை ஏற்றியவருக்குத்தான் கெட்ட பெயர்!

வரிசை நடவுக் கயிறு

"நடவுக்குப் பிடிக்கிற கயிறு இருக்கா?" என்று கேட்டேன். மகன் எடுத்து வந்தான். வண்டியைச் சிமென்ட் களத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம்.

கயிற்றின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறத்தில், ஸ்டாண்டிலும் சைலன்சரிலும் இடிக்காத உயரத்தில் சுற்றி, இரண்டு நுனிகளையும் வண்டியின் இரு பக்கமாக முன் டயர் வரைக்கும் இழுத்துப் பிடித்தோம். பின் டயரின் முன் விளிம்பைக் கயிறு லேசாகத் தொடும்படி இரு பக்கமும் பிடிக்க வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். பின் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அந்த இரண்டு கயிறும் கோடு போட்டுக் காட்டிவிடும். இரண்டு டயரும் ஒரே அகலம் என்றால் கயிறு முன் டயரை இரு பக்கமும் ஒன்றுபோல உரச வேண்டும். பின் டயர் அகலம் என்றால் முன் டயருக்கு இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும்.

அந்த வண்டியில் ஒரு பக்கம் கயிறு டயரில் முட்டி வளைந்தது. இன்னொரு பக்கம் விரல் நுழைந்தது. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து ஒரு தென்னை ஈர்க்கு. பின் சக்கரத்தை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் கைகளுக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். அது வண்டியோடு சேரும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்சிலின் நடு வரைக்கும் ஈர்க்கை வைத்து, நகத்தால் அடையாளம் கிள்ளினோம். அதே ஈர்க்கை மறு பக்கம் வைத்தோம். இடது பக்கம், செயின் இருக்கும் பக்கம், ஒரு நெல்மணியின் அகலம் அளவுக்கு அதிகமாகப் பின்னால் இழுக்கப்பட்டிருந்தது. செயினை இறுக்கியவர் செயின் பக்கத்து அட்ஜஸ்டரை மட்டும் கூடுதலாகத் திருகியிருக்கிறார் என்பது தெரிந்தது. சக்கரம் இடது பக்கம் முகம் திரும்பி நின்றது.

ஒரு நெல்மணி அகலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெல்மணி அகலம் 3 மில்லிமீட்டர். இரண்டு அட்ஜஸ்டர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், அதாவது ஆறு மடங்கு. ஆக, பின்னால் 3 மில்லிமீட்டர் பிசகினால் முன் சக்கரத்துக்கு வரும்போது 18 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம் விலகிவிடும். நடவில் முதல் வரிசை அரை விரல் கோணினால் வயலின் மறு கரையில் எவ்வளவு கோணும் என்று உங்களுக்குத் தெரியுமே!

பின் சக்கரம் இடது பக்கம் பார்த்தால் வண்டி ஏன் வலது பக்கம் போகிறது என்றும் கேட்கலாம். படகைத் திருப்பும் சுக்கான் மாதிரி அது. வண்டியின் பின்பகுதி இடது பக்கம் ஒதுங்க, முன்பகுதி வலது பக்கம் திரும்பும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ஈர்க்கு அளவு இரு பக்கமும் ஒன்றாகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, செயின் தொய்வைச் சரிபார்த்து மறுபடி இறுக்கினோம். மறுபடி கயிறு பிடித்தோம். இரு பக்கமும் ஒன்றுபோல வந்தது.

அந்த அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைவரை போய்த் திரும்பி வந்தார். "இப்ப கை சும்மா இருக்கு சார்" என்றார். அதைவிடச் சரியாக எந்த மெக்கானிக்கும் சொல்லிவிட முடியாது. வண்டி நேராகப் போனால் கைக்கு வேலை இருக்கக் கூடாது. கொஞ்சம் இழுப்பு மிச்சம் இருந்தது என்று பிறகு சொன்னார். பல மாதம் கோணலாக ஓடிய பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதை மாற்றியதும் அதுவும் போனது. மாட்டு வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார். வீட்டுக்காரர் மட்டும் வெகுநேரம் கழித்து, "கேன் ரெண்டு பக்கமுமே இருக்கட்டும்" என்றார்.

காசில்லாமல் நீங்களே பார்க்கலாம்

மேலே சொன்ன வண்டியில் காரணம் பின் சக்கரம். உங்கள் வண்டியில் வேறாக இருக்கலாம். ஆகவே, செலவில்லாததில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள். ஒன்றைச் சரிசெய்தபின் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடிப்பது போலத்தான் அது.

காற்று: 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு முன் டயரில் 25 பி.எஸ்.ஐ., தனியாக ஓட்டினால் பின் டயரில் 28 பி.எஸ்.ஐ. என்ற அளவில் இருக்கும். ஆளோ சுமையோ ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். அதுதான் சரியான கணக்கு. டயர் சூடாகும் முன்பே காற்றைப் பார்க்க வேண்டும். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும், சிறிய கோளாறும் பெரிதாகத் தெரியும்.

சுமை: கேன், மூட்டை, தெளிப்பான் எதையும் ஒரு பக்கமாகவே தொங்கவிட வேண்டாம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். இழுப்பு நின்றுவிட்டால் கோளாறு வண்டியில் இல்லை.

சாலை: சமமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள். சரிவான இடது ஓரத்தில் மட்டும் லேசாக இடது பக்கம் போனால் அது சாலையின் குணம். கையை ஹேண்டிலிலிருந்து முழுவதும் எடுத்துப் பார்ப்பது ஆபத்து, அதை மட்டும் செய்ய வேண்டாம். 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இரு கையும் ஹேண்டில்மேல் இருக்க, பிடியை மட்டும் லேசாக்கினால் போதும். எந்தக் கையில் அழுத்தம் தேவைப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாருங்கள்.

டயர்: நடுவில் தேய்வது இயல்பு. ஒரு பக்கத் தோள் மட்டும் தேய்ந்திருந்தால் அது இழுப்புக்குக் காரணமாகவோ, விளைவாகவோ இருக்கும். புது டயர் போட்டபின் இழுத்தால், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் கவனியுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

பின் சக்கரம்: கயிறும் ஈர்க்கும் போதும். அட்ஜஸ்டரில் கோடுகள் இருக்கும். ஆனால், விழுந்து எழுந்த வண்டியில் அந்தக் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் செயின் தொய்வு ஓர் அங்குலம் போல இருந்தால் சரி. ஒவ்வொரு முறை செயின் இறுக்கும்போதும், பஞ்சர் ஒட்டும்போதும் பக்கத்தில் நின்று, 'ரெண்டு பக்கமும் ஒரே அளவு வைங்க' என்று சொல்லுங்கள். என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் தொடவே கூடாது. விரல் போய்விடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

முன் ஃபோர்க்: கீழே விழுந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இது. சக்கரம் நேராக நிற்கும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பல நேரம் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினாலே போதும், பாகம் மாற்ற வேண்டியதில்லை. குழாயே வளைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கோன் செட்: ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்குகள் இவை. இரு சக்கர வண்டி சாயும் பக்கம் ஹேண்டிலைத் தானாகத் திருப்பித்தான் விழாமல் நிமிர்கிறது. அதனால் ஹேண்டில் தடையில்லாமல் திரும்ப வேண்டும். முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று பிடித்து நின்றால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். புதிதாகப் போட்டதை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வண்டி நேராகப் போகாமல் அலையும். பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று தட்டினால் தளர்ந்திருக்கிறது.

பின் புஷ், சக்கர பேரிங்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கம்பிச் சக்கரமாக இருந்தால் சுற்றிவிட்டுப் பாருங்கள். ரிம் நெளிந்து ஓடினால் கோட்டம் எடுக்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் மட்டும் இழுப்பு: காரில் ஒரு பக்க பிரேக் பிடித்தால் கார் அந்தப் பக்கம் இழுக்கும். இரு சக்கர வண்டியில் முன்னால் ஒரே சக்கரம்தான். ஆகவே பிரேக்கைவிட ஃபோர்க், கோன் செட், சக்கர பேரிங் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், சேசிஸ் வளைந்திருக்கலாம். பெரிய விபத்தில் சிக்கிய வண்டியில்தான் இது பெரும்பாலும் இருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வண்டிகள் சேற்றுத் தண்ணீரில் நின்றன. பிறகு என்ஜின் ஆயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்து, ஓடவைத்துவிட்டோம். ஆனால் கோன் செட்டிலும் சக்கர பேரிங்கிலும் புகுந்த சேறு கிரீஸைக் கெடுத்து, துரு ஏறவைக்கும். அது உடனே தெரியாது, பல மாதம் கழித்து ஹேண்டில் பிடிப்பாகத்தான் தெரியவரும். உங்கள் வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்றால், அல்லது அப்படிப்பட்ட வண்டியை வாங்கியிருந்தால், இந்த இரண்டையும் ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தரைப்பாலத்தைத் தண்ணீரில் கடந்து போய் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பழகிப்போகும் கை

இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து இழுப்பு இல்லை, நம் கை அதற்குப் பழகிப்போவதுதான். தினமும் ஓட்டுகிறவரின் கை, தெரியாமலே எதிர்ப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. நாய் குறுக்கே வரும் நாளில், மணலில் சக்கரம் வழுக்கும் நாளில், கை பதறும் அந்த நொடியில்தான் வண்டி தன் குணத்தைக் காட்டும். சோடி மாட்டில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் இன்னொன்று இழுத்துச் சமாளித்துவிடும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், மேட்டில் ஏறும்போதுதான் தெரியும்.

ஆகவே, வீட்டில் வேறு யாராவது உங்கள் வண்டியை ஓட்டிவிட்டு, 'இழுக்குதே' என்று சொன்னால் அதைத் தள்ளிவிட வேண்டாம். மனைவியோ, மகளோ, புதிதாகப் பழகுகிற பையனோ, யாராக இருந்தாலும் சரி. பழகாத கைக்குத்தான் கோளாறு சரியாகத் தெரியும். நாங்கள்கூட, தினமும் வயலைப் பார்க்கிறவர் கவனிக்காத நிற மாற்றத்தை வெளியிலிருந்து வருகிறவர் பார்த்தவுடன் சொல்வதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

கேள்வி அனுப்பிய வாசகர், ஆறு மாதத்துக்கு முன்பு வண்டிக்கு என்ன வேலை செய்தார் என்பதை முதலில் நினைத்துப் பார்க்கட்டும். பிறகு காற்று, சுமை, கயிறு, ஈர்க்கு என்று வரிசையாகப் பார்க்கட்டும். அதிலும் தெரியவில்லை என்றால், மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கான பதிலை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கட்டும். 'இழுக்குது, பாருங்க' என்று மட்டும் சொன்னால், அவர் தெரிந்ததை எல்லாம் மாற்றிப் பார்ப்பார். 'செயின் இறுக்கினதிலிருந்து, வெறும் வண்டியிலும், எல்லா ரோட்டிலும் இழுக்குது' என்று சொன்னால், நல்ல மெக்கானிக் நேராகப் பின் சக்கரத்துக்குத்தான் போவார்.